ஜெயிப்பாளா என்று கேட்டார்கள்

1

என் மனைவி தேர்தலில் தோற்று நேற்றோடு ஒரு வருஷம். வீட்டில் யாரும் கேக் வெட்டவில்லை. சுகந்தி வழக்கம்போல ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனாள், நான் வழக்கம்போல குப்பைத் தொட்டியைத் தெருமுனைக்கு உருட்டிக்கொண்டு போனேன். இருபத்திரண்டு வருஷ நியூ ஜெர்சி வாழ்க்கையில் எனக்கென்று நிரந்தரமாக ஒதுக்கப்பட்ட இலாகா அது ஒன்றுதான்.

ஞாபகப்படுத்தியது திருத்தணியிலிருந்து என் அண்ணன் சாமுவேல். என் பிறந்தநாள் அவனுக்கு ஒரு தடவைகூட ஞாபகம் வந்ததில்லை. தேர்தல் என்றால் மட்டும் நாள் தப்பாது.

“இன்னாடா, சுகந்தி தோத்து வருஷம் ஆச்சே. இந்த வாட்டி நிக்கிறாளா?”

“இந்த வருஷம் எங்க வார்டுக்கு எலெக்ஷன் இல்லண்ணா. இன்னும் மூணு வருஷம் இருக்குது.”

“மூணு வருஷமா? அதுக்குள்ள இங்க ரெண்டு ஆட்சி கவுந்துடும்டா” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

எப்படித் தோற்றாள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா தெரியாது. உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறீர்கள், என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

2

முதலில் இந்த ஊர் தேர்தலைக் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் வேட்பாளரைக் கட்சித் தலைமை முடிவு செய்யும். பட்டியல் டிவியில் வரும், சீட் கிடைக்காதவரின் ஆட்கள் கட்சி ஆபீஸில் நாலு நாற்காலியை உடைப்பார்கள், விஷயம் முடிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. ஒரே கட்சிக்குள்ளேயே யார் வேண்டுமானாலும் “நான் நிற்கிறேன்” என்று கிளம்பலாம். அந்தக் கட்சிக்காரர்களே முதலில் ஓட்டுப் போட்டு ஒருவரைப் பொறுக்குவார்கள். அதற்குப் பெயர் பிரைமரி. அதில் ஜெயித்தவர்தான் அப்புறம் எதிர்க்கட்சியோடு மோதப் போவார். பங்காளிச் சண்டை முடிந்த பிறகே பக்கத்து ஊர்ச் சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுகந்தி நின்றது எங்கள் டவுன் கவுன்சிலுக்கு, ஒரு வார்டுக்கு. காரணம் ஒரு நடைபாதை. எங்கள் வார்டில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. பாதிப் பேர் நம்மாட்கள், மீதியில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள், கறுப்பினத்தவர்கள், ஊரிலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்த அப்பா அம்மாக்கள். அங்கிருந்து கடைக்குப் போகும் ரோட்டில் நடக்க இடமே கிடையாது. கார்கள் பாட்டுக்குப் பறக்கும், இவர்கள் ஓரப் புல்லில் வரிசையாகப் போவார்கள். ஒரு குஜராத்திப் பெரியம்மாவை கார் தட்டிவிட்டுப் போனது. சுகந்தி நர்ஸ், அந்தம்மாவின் இடுப்புக்கு மூன்று வாரம் கட்டு மாற்றினவள். கவுன்சிலுக்கு நாலு கடிதம் எழுதினாள். நாலுக்கும் ஒரே பதில் வந்தது, தேதி மட்டும் வேறு.

“நானே போய் அந்த நாற்காலியில உக்காந்துக்கிறேங்க” என்றாள் ஒரு நாள், தோசை வார்த்துக்கொண்டே. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அரக்கோணம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். சொன்னால் சொன்ன நேரத்துக்கு வண்டி கிளம்பிவிடும்.

நிற்பதற்கு வார்டு மக்களிடம் கையெழுத்து வாங்கித் தர வேண்டும். நம்மவர்களிடம் வாங்கியதில் பாதியை டவுன் அலுவலகத்துப் பெண்மணி தள்ளிவிட்டார். வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர், கையெழுத்தில் ஒரு பெயர். ஒருவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கியிருக்கிறார், ஒருவர் ஊர்ப் பெயரை, ஒருவர் முதலெழுத்தை மட்டும் போட்டு ஒரு கோடு இழுத்திருக்கிறார். “உங்கள் நாட்டில் ஒரு ஆளுக்கு எத்தனை பெயர்?” என்று அந்தம்மா உண்மையான கவலையோடு கேட்டார். திரும்பவும் எல்லா வீட்டுக்கும் போய், “பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரி போடுங்க” என்று கெஞ்சி வாங்கி வந்தோம். கடைசியில் வாக்குச்சீட்டில் ‘சுகந்தி எபினேசர்’ என்று அச்சானது. எபினேசர் நான்தான். ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாமல் என் பெயர் தேர்தலில் நின்றது.

3

பிரைமரியில் அவளை எதிர்த்து நின்றவர் டாம், அதே கட்சிக்காரர். ஏற்கெனவே கவுன்சிலர், இன்சூரன்ஸ் ஏஜென்ட், தங்கமான மனுஷர். பனி கொட்டினால் எங்கள் வாசலையும் சேர்த்து வழித்துவிட்டுப் போவார். தமிழ்ச் சங்கத்துப் பொங்கலுக்கு ஒட்டிக்கொள்ளும் வேட்டி கட்டிக்கொண்டு வருவார். வரும்போது வணக்கம், பொங்கல் வாங்கும்போது வணக்கம், கை கழுவின பிறகும் வணக்கம். எங்கள் வீட்டுக்கு வருஷா வருஷம் தவறாமல் தீபாவளி வாழ்த்து அனுப்புவார். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இத்தனை வருஷமும் நன்றி சொல்லி, வாழ்த்தை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்தோம். படத்தில் விளக்கு அழகாகத்தான் இருக்கும்.

எனக்கு இது பழகிய விஷயம். திருத்தணியில் எங்கள் சபைக்கு ஓட்டுக் கேட்டு வராத வேட்பாளர் கிடையாது. முதலில் மலையேறி முருகனைப் பார்ப்பார்கள், இறங்கி நேரே எங்கள் சர்ச் கேட்டுக்கு வருவார்கள், வரும் வழியிலேயே துண்டால் நெற்றித் திருநீற்றைத் துடைத்துக்கொள்வார்கள். ஒருத்தர் இயேசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளியன்று வந்தார். மூன்று மணி நேர ஆராதனை முடிந்து, ஜனங்கள் வெள்ளை உடுத்தி, பட்டினியாக, அழுத கண்ணோடு வெளியே வருகிறார்கள். இவர் கேட்டில் லட்டு டப்பாவோடு நிற்கிறார். “அல்லாருக்கும் பெரிய வெள்ளி நல்வாழ்த்துகள்!” என்று ஒரு கும்பிடு. கூட வந்தவர்கள் வெடி கொளுத்தாதது எங்கள் புண்ணியம்.

எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், சபைக் கமிட்டிச் செயலாளர். முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் டப்பாவை வாங்கிக்கொண்டார். “ஞாயித்துக்கெழமை சாப்பிட்டுக்கறோம்ங்க” என்றார்.

ஆகவே டாம் என்னைத் தோளில் தட்டி, “உங்கள் சமூகத்தின் ஆதரவு எனக்கு முக்கியம்” என்று சொன்னபோது நான் ஆச்சரியப்படவில்லை. எந்தச் சமூகம் என்றுதான் யோசித்தேன். தமிழர்களா, கிறிஸ்தவர்களா, கணினிக்காரர்களா, தெலுங்கும் அரைகுறையாகப் பேசும் எல்லைக்காரர்களா? அங்கேயும் சிறுபான்மை, இங்கேயும் சிறுபான்மை. நாடு மாறியும் பதவி மாறாத ஆள் நான்.

சுகந்திக்கு ஆலோசனை சொல்லவும் கட்சியிலிருந்து ஒரு அம்மா வந்தார். இந்திய வீட்டுக்குப் போனால் புடவை, வெள்ளைக்காரர் வீட்டுக்குப் போனால் கோட்டு, கறுப்பர் சபைக்குப் போனால் தொப்பி என்று பட்டியல் கொடுத்தார். சுகந்தி இரண்டு நாள் காருக்குள்ளேயே உடை மாற்றிப் பார்த்தாள். மூன்றாம் நாள் புடவைக்கு மேல் கோட்டோடு ஒரு வீட்டுக்கதவைத் தட்டிவிட்டாள். அதிலிருந்து எல்லா வீட்டுக்கும் நர்ஸ் உடுப்புத்தான். வேலை முடிந்து அப்படியே போவாள். கதவைத் திறக்கிறவர்கள் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துபோய் உடனே உள்ளே கூப்பிட்டார்கள். அது ஒரு வசதி.

4

கதவைத் திறந்தவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். “எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. ஆனால் மற்றவர்கள் போடுவார்களா?”

வெள்ளைக்காரர், கறுப்பர்கள் போடுவார்களா என்று கேட்டார். கறுப்பர், வெள்ளைக்காரர் போடுவார்களா என்று கேட்டார். நம்மாட்கள் ஒருபடி மேலே போய், “நம்மாளுங்களே போடுவாங்களா?” என்று கேட்டார்கள். இங்கே ஒரு வேட்பாளரிடம் பார்க்கும் முதல் பொருத்தம் இதுதான். நல்லவரா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஜெயிக்கிற ஆளா என்று முதலில் சொல். பிரைமரியில் நமக்குப் பிடித்த ஆளை நிறுத்தி, அவர் பெரிய தேர்தலில் எதிர்க்கட்சியிடம் தோற்றுவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயம்.

அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அந்தப் பள்ளியில் படித்தவன்தான். திருத்தணியில் எங்கள் சபையில் இருப்பதோ கொஞ்சம் குடும்பங்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழி மழையில் சேறாகிவிடும், சவப்பெட்டியைத் தூக்குகிறவர்கள் வழுக்குவார்கள். ஜெயித்தவனிடம்தான் ரோடு கேட்க முடியும். தோற்றவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் மண் கொட்ட மாட்டான். அதனால் ஒவ்வொரு தேர்தலிலும் நைனாவுக்கு ஒரே கேள்விதான்: யார் ஜெயிக்கப் போகிறார்கள்?

அதைக் கண்டுபிடிக்கும் வேலை அண்ணனுடையது. காலை ஆறு மணிக்கு சைக்கிளில் போய் ஒவ்வொரு வேட்பாளர் வீட்டு வாசலிலும் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கிறது என்று எண்ணிக்கொண்டு வருவான். கூட்டத்தை நம்ப மாட்டான், அது பிரியாணிக்கு வரும். “காத்தால பல்லு விளக்கிட்டு எவன் வூட்டாண்ட போறானோ, அதாண்டா ஓட்டு.” ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. ஒரு தடவை மட்டும் தப்பியது. அந்த வீட்டில் கல்யாணமாம்.

பிரச்சார சமயத்தில் எனக்கும் அதே கேள்வியைப் போட்டான்.

“உன் வூட்டு வாசல்ல எத்தினி செருப்புடா?”

“இங்க யாரும் வாசல்ல விடறதில்லண்ணா. சில பேரு உள்ளயே போட்டுகினு வராங்க.”

“அப்போ எப்படிடா கண்டுபுடிக்கிறீங்க?” என்றான், எங்களுக்காக மிகவும் வருத்தப்பட்டு.

5

நாங்கள் எப்படிக் கண்டுபிடித்தோம் என்று கேளுங்கள். என்னைக் கேட்டார்கள்.

வேட்பாளரை நேராகக் கேட்பது மரியாதை இல்லை. புருஷனைக் கேட்டால் உள்விஷயம் தெரியும். தமிழ்ச் சங்கம், சபை, மளிகைக் கடை, எங்கே பார்த்தாலும் ஒரு கை என் தோளில் விழும். “சுகந்தி எப்படிங்க, ஜெயிச்சிருவாங்களா?”

நம் வீட்டில் ஒருவரைப் பற்றி வெளியார் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? அண்ணன் ஸ்கூலிலேயே முதல் மார்க் வாங்கினபோது நைனா, “ஏதோ பாஸ் ஆயிட்டான்ங்க” என்றார். அம்மா அதையும் ஜாஸ்தி என்று திட்டினாள். பாஸ்டருக்குத் தெரியாமல் அன்று சாயந்திரம் மிளகாய் சுற்றிப் போட்டாள். பிள்ளையைப் பற்றிப் பெருமையாகப் பேசினால் கண்ணு பட்டுவிடும், தலைக்கனம் என்றும் சொல்வார்கள். ரத்தத்தில் ஊறினது. டாமின் மனைவி கடையில் நின்று, “என் கணவர்தான் இந்த ஊருக்குக் கிடைத்த சிறந்த மனிதர்” என்று உரக்கச் சொன்னதைக் கேட்டு எனக்கே கூச்சமாகப் போனது. சே, ஒரு பொம்பளை இப்படியா சொல்வாள் என்று நினைத்தேன்.

நான் சொன்னது இதுதான். “எங்கேங்க... கஷ்டம்தான். சும்மா நிக்கிறா. ஆசைப்பட்டா, சரின்னு விட்டுட்டேன்.”

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. எத்தனை பேரிடம் சொன்னேன்? கணக்கே இல்லை. சங்கச் செயலாளர் பாஸ்கரிடம் மட்டுமே நாலு தடவை இருக்கும். அவர் கோயம்புத்தூர்க்காரர், பொறுமைசாலி. ஒவ்வொரு தடவையும், “அப்படிங்களா” என்று யோசனையாகத் தலையாட்டினார்.

அதே நேரத்தில் என் மகள் ரூத் வீட்டுக்குள் உட்கார்ந்து போன் போட்டுக்கொண்டிருந்தாள். காலேஜ் லீவு. இங்கேயே பிறந்தவள், தமிழ் பேசினால் எல்லாருமே அவளுக்குச் சின்னப் பிள்ளைகள். ரிட்டயர்டு ஆன ஒரு மாமாவிடம், “நீ எங்க அம்மாவுக்கு ஓட்டு போடு. அவ ஜெயிப்பா. நீ வரலைன்னா நான் வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்” என்றாள். நான் பதறிப்போய் போனைப் பிடுங்கினேன். அந்த முனையில் மாமா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். “விடுங்க தம்பி, என்னை இப்படி யாரும் மிரட்டி நாளாச்சு” என்றார். மகளுக்கு மரியாதை தெரியவில்லையே என்று அன்று முழுக்க எனக்கு வருத்தம். அம்மா ஜெயிப்பாள் என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் சொன்னாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

6

நாற்பத்தோரு ஓட்டில் தோற்றாள். எங்கள் ஊர் ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் உட்காருகிற கூட்டம்கூட இல்லை.

சுகந்தி அழவில்லை. டாமுக்குப் போன் செய்து வாழ்த்துச் சொன்னாள், நடைபாதையை ஞாபகப்படுத்தினாள். மறுநாள் வேலைக்குப் போனாள். நான் எல்லாரிடமும், “நல்லாத்தான் போராடினா” என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். தோற்ற பிறகு புகழலாம், கண்ணு படாது.

இரண்டு வாரம் கழித்து சங்கத்துப் பிக்னிக். பூங்காவில் நல்ல வெயில், ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வந்திருந்தோம். பாஸ்கரின் மனைவி மாலதி சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கலங்கிவிட்டார்.

“அக்கா, எனக்கு மனசே ஆறலீங்க. உங்களுக்குத்தான் போடோணும்னு இருந்தேன். ஆனா நம்ம எபினேசர் அண்ணாவே ஜெயிக்கிறது கஷ்டம்னு சொல்லிட்டாங்களாம். ஓட்டை வீணாக்க வேண்டாம்னு இவரு சொன்னாரு.”

பக்கத்தில் தயிர்சாதம் போட்டுக்கொண்டிருந்தவர், “அட, எங்க வீட்லயும் அதேதான்” என்றார். இன்னொருவர், “நாங்களும். எப்படியும் யாரும் போட மாட்டாங்கன்னு நெனச்சோம்” என்றார். இப்படியே ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எல்லாருக்கும் அவளைப் பிடித்திருக்கிறது. எல்லாரும் மற்றவர்கள் போட மாட்டார்கள் என்று டாமுக்குப் போட்டிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் ஆதாரம் நான்.

பாஸ்கரைத் தனியாக மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். “ஏங்க, அது பேச்சுக்குச் சொல்றதுங்க. நம்ம வீட்டாளைப் பத்தி நாமளே பெருமையா பேசுவோமா? உங்களுக்குத் தெரியாதா?”

பாஸ்கர் சங்கடப்பட்டார். “தெரியுங்க. எங்க ஊர்லயும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க. பேச்சுக்குச் சொன்னா மொகத்துல தெரியும், வாய் கஷ்டம்னு சொன்னாலும் கண்ணு சிரிக்கும். உங்க மொகத்துல அது இல்லீங்க. நெசமாவே சொல்றாப்லதான் இருந்துச்சு.”

சுகந்தி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரியாணி அப்படியே இருந்தது.

7

சுகந்தி வீட்டுக்கு வந்து மிச்சச் சாப்பாட்டை டப்பாக்களில் போட ஆரம்பித்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேங்க” என்றாள், திரும்பாமல். “கஷ்டம்தான்னு சொன்னீங்களே. கண்ணு படக்கூடாதுன்னு சொன்னீங்களா, இல்ல நெஜமாவே அப்படித்தான் நெனச்சீங்களா?”

தன்னடக்கம், நம் பண்பாடு, மிளகாய் சுற்றின அம்மா, எல்லாப் பதிலும் கையில் தயாராக இருந்தது. இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளிடம் எதுவும் செல்லாது.

“நெஜமாத்தான் நெனச்சேன்” என்றேன். “உன் மேல குறை இல்ல. இவங்க நம்மாளுக்குப் போட மாட்டாங்கன்னு தோணிச்சு.”

ஒரு டப்பாவை மூடினாள். இன்னொன்றை எடுத்தாள்.

“நான் ஜெயிச்சுருவேன்னு நெனச்சேங்க” என்றாள். “நீங்க ஊரெல்லாம் சொன்னீங்க. என்கிட்ட ஒரு வாட்டி கேட்டிருக்கலாம்.”

எனக்கு வெட்கமாக இருந்தது, அவள் திட்டினால் தேவலை என்றிருந்தது.

“உங்க ஓட்டு யாருக்கு?”

“இது என்ன கேள்வி. உனக்குத்தான்.”

“தோத்துடுவேன்னு தெரிஞ்சுகினேவா போட்டீங்க?”

“ஆங்.”

அப்போதுதான் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் குரல் ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசும் அதே நிதானக் குரல்.

“அதைத்தாங்க நாலு மாசமா ஒவ்வொரு வூட்டுக் கதவா தட்டிக் கேட்டுகினு இருந்தேன். நான் ஜெயிப்பேன்னு நம்புங்கன்னு யாரையும் கேக்கல. நம்பிக்கை இல்லன்னாலும் பரவால்ல, புடிச்சா போடுங்கன்னுதான் கேட்டேன். உங்களால முடிஞ்சுது இல்ல? கஷ்டம்தான்னு சொன்னீங்க, சரி. ‘ஆனா நான் அவளுக்குத்தான் போடறேன்’னு கூட ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாமே.”

எவ்வளவு யோசித்தும், அந்த ஒரு வார்த்தையை நாலு மாசத்தில் ஒருவரிடம்கூட நான் சொன்னதாக ஞாபகம் இல்லை.